கேப் போட்டியா?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். ஞாயித்துக்கிழமை வீடியோவில் பேசும்போது இட்லியைக்கூட இடது பக்கமே ஒதுக்கி ஒதுக்கி மென்னே. என்னடான்னு கேட்டதும் சிக்னல் சரியில்லைன்னு வச்சிட்டே. பல்லுக்கு வேர் சிகிச்சை முடிஞ்சு மாசம் திரும்பப் போகுது. இன்னுமா வலிக்குது?

அத்தைக்குப் பல் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். உள்ளே நரம்பை எடுத்தாலும் வேரைச் சுத்தியிருக்கிற சவ்வுக்கு உணர்ச்சி போகாதாம். நாலஞ்சு நாள், மிஞ்சினா ஒரு வாரம் பத்து நாள் வலிக்கிறது சகஜம்தானாம். ஆனா நாளாக ஆகக் குறையணும். அடைச்சது மயிரிழை உயரமா நின்னாலும் கடிக்கும்போதெல்லாம் அந்தப் பல்தான் அடி வாங்கும், தேய்ச்சுவிட்டா சரியாயிடும். மேல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் 3ன்னாலும் உள்ளே 4 குழாய் இருக்கிறது உண்டாம். நாலாவது நூல் மாதிரி இருக்கிறதால தப்பிடும். தப்பினா கிருமி அங்கேயே தங்கிடும். எக்ஸ்ரேயில் தெரியலைன்னா, பல்லை எல்லாப் பக்கமும் முப்பரிமாணமா காட்டுற சிபிசிடி ஸ்கேன் எடுப்பாங்களாம். வேர் சிகிச்சைக்குன்னே எம்.டி.எஸ்.ங்கிற பல் டாக்டர் மேல்படிப்பு படிச்சவங்ககிட்ட காட்டு. பல்லில் விரிசல் இருந்தாலும் அவங்கதான் கண்டுபிடிப்பாங்க.

அந்தப் பல்லு மேல உறை மாதிரி மாட்டுற கேப் போட்டியா? கேட்டா பேச்சை மாத்துறே. கேப் இல்லாம அந்தப் பல்லில் கடிச்சுப் பிளந்துட்டா அப்புறம் பிடுங்கத்தான் வேணும். 6 வயசில் முளைச்ச பல், விழுந்து முளைக்கிற பல் இல்லை.

தங்கச்சி ஃபீஸை ஒரு தடவைகூடத் தவறவிடாம கட்டினவன் நீ. நம்ம தெருவில் யாரு அப்படிச் செஞ்சா? ஆனா உன் உடம்புன்னு வந்தா தள்ளிப்போடுறே, அதுதான் எனக்கு ஆத்திரம். இப்பெல்லாம் பகல் 11 மணிக்குப் பண்ணினாலும் போனை எடுத்துடுறே. ஆபீஸ் பத்தி நான் ஒண்ணும் கேட்கலை. சீட்டுப் பணம் எடுத்து வச்சிருக்கேன், சும்மாதான் கிடக்கு. அப்பாவுக்குத் தெரியாது. உன் கணக்கில் போடச் சொல்லியிருக்கேன். கேப்புக்கு வச்சுக்கோ, மிச்சம் இருந்தா வாடகைக்கு ஆகட்டும். வேண்டாம்னு திருப்பி அனுப்பாதே.

வலி மாத்திரையை வெறும் வயித்தில் போடாதே. நம்ம வீட்டில் வயித்துப்புண் யாருக்குன்னு உனக்கே தெரியும். மிச்சம் கிடந்த ஆன்டிபயாடிக்கை நீயா எடுத்துப் போடாதே, வேருக்குள்ள இருக்கிற அழுக்கு அதுக்குப் போகாது. அத்தை சொன்னாங்கன்னு கிராம்புத் தைலத்தை ஊத்தாதே, ஈறு வெந்துடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் கொப்பளிச்சா போதும். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியலைன்னாலோ விடியட்டும்னு இருக்காதே, ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போயிடு.

பருப்புப் பொடியும் நெய்யும் பார்சலில் வருது. கடலை மிட்டாய் வைக்கலை, கேப் போட்ட அப்புறம் அனுப்புறேன். மாத்திரைக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடு.

எந்தக் கிழமை டாக்டரைப் பார்க்கப் போறேன்னு மட்டும் மெசேஜ் போடு. துணைக்கு ஆள் வேணும்னா ராத்திரி ரயிலில் ஏறி வந்துடுறேன்.

அம்மா