பக்கத்து வீட்டு முதியவர்

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி தணிந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. பேத்திக்கு என் ஆசிகள்.

பக்கத்து வீட்டு முதியவரைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. உடல் மெலிந்துகொண்டே போகிறது, உடுத்திய துணியை மாற்ற ஆளில்லை, கேட்டால் மட்டும் "ஒரு குறையும் இல்லை" என்கிறார். சமூக நலப் பணியில் இருந்த காலமெல்லாம் நான் கேட்ட பதில் இது. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க யாருக்கு வாய் வரும்? மனு வரட்டும் என்று காத்திருக்கும் அலுவலகத்தின் கண்ணில் இவரைப் போன்றவர்கள் படவே மாட்டார்கள். படியேறி வந்து மனு எழுதித் தர முடிந்தவர் பாதி பிழைத்துவிட்டவர்.

இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் இந்த இடத்தில் சரியாகச் சிந்தித்திருக்கிறது. பராமரிப்புத் தேவைப்படும் ஒருவர் புறக்கணிக்கப்படுகிறார், தன்னைக் காத்துக்கொள்ள அவரால் முடியவில்லை என்று ஐயம் கொள்ள நியாயமான காரணம் இருந்தாலே உள்ளாட்சி அமைப்பு விசாரித்தாக வேண்டும். இந்தியாவின் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்திலும் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அந்த அதிகாரம் ஏட்டோடு நின்றுவிடக் கூடாது.

அந்த முதியவரின் மகன்மீது உனக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நான் தட்டிய கதவுகள் பலவற்றைத் திறந்தவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. இரவுத் தூக்கம் கெட்டு, வேலையும் போய், தாங்களே நோயாளியாகிவிட்டவர்கள். ஜப்பானில் 2006 முதல் நடைமுறையில் உள்ள முதியோர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பராமரிப்பவருக்கு ஆதரவு தருவதையும் நகராட்சிகளின் பொறுப்பாக்கியிருக்கிறது. சில நாள் முதியவரை வேறிடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால்கூட அந்த வீடு மூச்சுவிடும். தண்டனையால் மட்டும் ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்ட ஆள் கிடைத்துவிடாது.

நீ தயங்காமல் உள்ளாட்சி அலுவலகத்தில் சொல். உன் கண்ணால் பார்த்ததை, எப்போது பார்த்தாய் என்பதோடு சொன்னால் போதும். யார் குற்றவாளி என்று நீ முடிவுகட்ட வேண்டியதில்லை. முதல் முறை வருபவர் ஒரு செவிலியராக இருக்கட்டும் என்று கேட்டுப் பார். இரத்த அழுத்தம் பார்க்க வந்தவரிடம் முதியவர்கள் மனம் திறப்பார்கள். கோப்போடு வந்தவரிடம் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் வேண்டாம் என்று மறுக்கவும் கூடும். தெளிந்த மனத்தோடு மறுத்தால் அது அவர் உரிமை. அதற்காகக் கோப்பை மூடிவிடாமல் மறுபடி வந்து பார்க்கச் சொல்.

அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்பதை உடனே எழுது.

அன்புடன்,
கல்யாணி