பங்க்கில் பெட்ரோல் இருக்கிறது, காற்று இல்லை

ஐயா,

அருப்புக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் தவணைக்குச் சேலை, கைலி விற்பவன் நான். எக்ஸெல் வண்டியின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு பாலவனத்தம் பக்கம் ஒரு நாள், பந்தல்குடி பக்கம் ஒரு நாள் என்று தினமும் 60 கிலோமீட்டராவது ஓட்டுகிறேன்.

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய சமயத்தில், போட்ட பெட்ரோலையும் ஓடிய தூரத்தையும் தவணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். 2022 மே மாதம் மத்திய அரசு வரியில் 8 ரூபாய் குறைத்தது. 2024 மார்ச்சில் இன்னும் 2 ரூபாய் குறைந்தது. ஏறியதற்கு அது எந்த மூலைக்கு? அதற்காக வாரத் தவணையை நான் பத்து ரூபாய் கூட்டினால், "அடுத்த வாரம் வாங்கண்ணே" என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

சிக்கனத்துக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பாதி சும்மா. விடியற்காலையில் போட்டால் அளவு கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். பங்க்கில் தொட்டி தரைக்கு அடியில் இருக்கிறது. காலை வெயிலும் மதிய வெயிலும் அதை அவ்வளவாகத் தொடாது. எனக்குப் பலன் கொடுத்தவை வேறு: ஒரே திசையில் இருக்கும் ஊர்களை ஒரே நாளில் முடிப்பது, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பாமல் தூக்குவாளியில் கொண்டுபோவது, ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைப்பது.

போன ஆடியில் வண்டி லிட்டருக்கு 52 கிலோமீட்டரிலிருந்து 46-க்கு இறங்கியது. முதலில் பங்க்கைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் எத்தனாலைத் திட்டினேன். (பெட்ரோலைவிட எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை 20 சதவீதம் கலந்து விற்கிறார்கள். எங்களுக்கு விலை மட்டும் குறையவில்லை.) கார்ப்பரேட்டரைக் கழற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் போனால், அவர் பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, வண்டியில ஒண்ணுமில்ல. காத்து பாதிதான் இருக்கு" என்றார். காற்று பிடித்த பிறகு பழைய கணக்கு திரும்பிவிட்டது. மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் எனக்கு அது நாலு லிட்டர், நானூறு ரூபாய்.

சரி, வாரம் ஒருமுறை காற்றுப் பார்ப்போம் என்று முடிவு செய்தால், என் தடத்தில் இருக்கும் நாலு பங்க்குகளில் மூன்றில் காற்று மெஷின் ஓடுவதில்லை. ஒன்றின் மேல் சாக்கைப் போட்டு மூடியிருக்கிறார்கள். இன்னொன்றில் குழாயே இல்லை. மூன்றாவதில் "காத்துக்கு ஆள் வரல" என்பார்கள், நான் எப்போது போனாலும். பங்க்கில் இலவசமாகக் காற்று பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வைத்திருக்கும் விதி. நாங்கள் பஞ்சர் கடையில் காசு கொடுத்துப் பிடிக்கிறோம். அங்கேயும் பல கடைகளில் அளவு பார்க்கும் மீட்டர் கிடையாது, டயரைத் தட்டிப் பார்த்து "போதும்ணே" என்பதுதான் கணக்கு.

விலையைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அதற்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பங்க்குகளைச் சோதிக்க வரும் அதிகாரிகள் பெட்ரோல் அளவைப் பார்த்துவிட்டு அப்படியே போகாமல், அந்தச் சாக்கையும் ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும்.

- தவணை ஜவுளி வியாபாரி,
அருப்புக்கோட்டை.