ஹான்டார்ஃப் வரலாற்றில் விடுபட்ட 17 ஆண்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹான்டார்ஃப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். அடிலெய்டில் குடியிருக்கும் எனக்கு அது பக்கத்து ஊர். கடைத்தெருவையும் பேக்கரிகளையும் பழைய கல்வீடுகளையும் கட்டுரையாளர் ஆசையாக எழுதியிருக்கிறார். ஆனால் வரலாற்றுக்கு வந்ததும், 1839இல் ஜெர்மானியர்கள் குடியேறினார்கள், கப்பல் கேப்டன் ஹான் நினைவாக ஊருக்குப் பெயர் வைத்தார்கள் என்று முடித்துவிட்டார். அந்தப் பெயரையே பின்னால் சட்டம் போட்டு அழித்தார்கள் என்பது கட்டுரையில் எங்கும் இல்லை. அதை விட்டுவிட்டு இந்த ஊரின் வரலாற்றைச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து.

வந்தவர்கள் பணம் தேடி வந்தவர்கள் அல்ல. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் லூதரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாக்கி, எல்லோரும் ஒரே வழிபாட்டு முறையைத்தான் பின்பற்ற வேண்டும் என்றார். பழைய முறையை விடாத போதகர்கள் சிறைக்குப் போனார்கள். அப்படி நெருக்கப்பட்ட மக்களுக்காக அவுகுஸ்ட் காவெல் என்ற போதகர் லண்டன் போய், ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்ற வணிகரிடம் பண உதவி பெற்றார். அவருடைய சபையார் 1838இல் வந்து அடிலெய்டு அருகே கிளெம்சிக் கிராமத்தை அமைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் 'சீப்ரா' கப்பலில் வந்து சேர்ந்தவர்கள்தான் ஹான்டார்ஃப்காரர்கள். இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள். வழியிலேயே சிலர் இறந்துபோனார்கள்.

கேப்டன் டிர்க் ஹானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். பயணிகளை இறக்கிவிட்டால் அவர் வேலை முடிந்தது. ஆனாலும் அவர்களுக்கு ஒரு வழி செய்யாமல் புறப்பட அவருக்கு மனம் வரவில்லை. மவுண்ட் பார்க்கர் பக்கம் நிலம் வைத்திருந்தவர்களிடம் தானே பேசினார். முதல் ஆண்டு குத்தகை இல்லை, விதையும் உணவுப் பொருளும் கடனாகக் கிடைக்கும் என்று ஏற்பாடாயிற்று. அதன் பிறகுதான் அவர் கிளம்பினார். ஹான் அந்த ஊரில் குடியேறவில்லை.

குடும்பங்கள் சாமான்களைச் சுமந்துகொண்டு மலையேறின. அப்புறம் அந்த ஊரைத் தாங்கி நிறுத்தியவர்கள் பெண்கள். காய்கறி, வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நடுராத்திரியில் கிளம்பி, மலைப்பாதையில் நடந்தே அடிலெய்டு சந்தைக்குப் போவார்கள். விற்றுவிட்டுத் திரும்பும்போது கோயில் கட்ட ஆளுக்கு இரண்டு செங்கல் சுமந்து வந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பாதையில் அடிலெய்டின் புறநகரான பியூமான்ட் வரை சுமார் 26 கிலோமீட்டர் இன்று நடைபாதையாக அடையாளமிடப்பட்டிருக்கிறது. கட்டுரையாளர் பேக்கரிக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தாலே போதும்.

அந்த நிலம் காலியாகவும் இல்லை. அது பெரமாங்க் என்ற பழங்குடி மக்களின் பூமி. முதல் மாதங்களில் எதைச் சாப்பிடலாம், எப்படிப் பிடிக்கலாம் என்று குடியேறிகளுக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய மொழி மிகக் குறைவாகவே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அடிலெய்டு சமவெளியின் பழங்குடி மொழியான கவுர்ணாவுக்கு மட்டும் அந்த நிலை வரவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் மிஷன் அனுப்பிய போதகர்கள் டைக்கல்மான், ஷூர்மான் இருவரும் 1840இலேயே அதன் இலக்கணத்தையும் சொற்களையும் அச்சிட்டுவிட்டார்கள். அதை வைத்துத்தான் இன்று அந்த மொழியை மீட்கிறார்கள். பின்னால் லைப்சிக் மிஷனாக மாறி, தரங்கம்பாடியில் நமக்கு நன்கு பழக்கமான அதே மிஷன்தான் அது. தமிழ் வாசகர்களுக்கு இது சொல்லப்பட வேண்டிய செய்தி.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். முதல் உலகப்போர் வந்தபோது, இரண்டு மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் உழுதவர்கள் ஒரே நாளில் எதிரிகள் ஆக்கப்பட்டார்கள். டோரன்ஸ் தீவு முகாமில் 1914–15இல் நூற்றுக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். மாநில அட்டர்னி ஜெனரல் ஹெர்மன் ஹோம்பர்க் ஜெர்மானிய வம்சாவளியினர், தெற்கு ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர். அவரும் 1915இல் பதவி விலக நேர்ந்தது. 1917இல் லூதரன் பள்ளிகளை அரசு மூடியது. அதே ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி, 1918 தொடக்கத்தில் 69 ஜெர்மன் இடப்பெயர்கள் நீக்கப்பட்டன. ஹான்டார்ஃப் 'ஆம்பிள்சைடு' ஆனது. பக்கத்து ஊரான லோபெதால் 'ட்வீட்வேல்' ஆனது. கிளெம்சிக்கிற்குப் போர்க்களத்தின் பெயரான 'காசா' சூட்டப்பட்டது. அங்குள்ள கால்பந்துக் கழகத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ரைன் என்று பெயர் பெற்றிருந்த இரண்டு ஆறுகளும் போர்க்களப் பெயர்களான சோம், மார்ன் ஆயின.

மன்னரின் கட்டளைக்குப் பணியாமல் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் போய் இன்னொரு மன்னரின் விசுவாசிகள் என்று சந்தேகித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

மாநிலத்தின் நூற்றாண்டு விழாவுக்கு முந்தைய ஆண்டான 1935இல்தான், 17 ஆண்டுகள் கழித்து, ஹான்டார்ஃப், லோபெதால், கிளெம்சிக் மூன்றுக்கும் பழைய பெயர் திரும்பியது. புளூம்பெர்க் என்ற இன்னொரு ஊர் ஒரு தளபதியின் பெயரில் பேர்ட்வுட் ஆகி, இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அடுத்து இந்தப் பகுதியைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது பெரமாங்க் மக்களையும் அந்த 17 ஆண்டுகளையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். வாசகர்களில் யாராவது அங்கே போனால், கடைத்தெருவோடு திரும்பிவிடாமல் அந்தப் பெண்கள் நடந்த பாதையில் கொஞ்ச தூரமாவது நடந்து பாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அடிலெய்டு