ஒரு டிக்கெட்டில் மூன்று கொடிகள்

சிங்கப்பூர்

அன்புள்ள கலியபெருமாள்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் சான்றிதழில் ஒரு கையெழுத்துக்காகக் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு இரண்டு முறை போய்வந்தாய் என்று படித்ததும் மனம் பொறுக்கவில்லை. இந்த வயதில், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு! தைலம் அனுப்பியிருக்கிறேன், இரவில் தேய்த்துவிட்டுப் படு. நம் தலைநகருக்குப் போக இன்னொரு மாநிலத்தைக் கடக்க வேண்டியிருக்கிறதே, யார் இப்படி வெட்டிப் போட்டார்கள் என்று கேட்டிருந்தாய். ஒரு வாரமாக அதே நினைவு.

நீ போன வழியை எண்ணிப் பார்த்தேன். காரைக்காலைத் தாண்டினால் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு சீர்காழி, சிதம்பரம், கடலூர். கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை. அதற்கும் வடக்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. ஒரு பஸ் டிக்கெட்டில் மூன்று நாட்டுக் கொடிகளைக் கடந்திருக்கிறாய்.

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது, அது புதுச்சேரியைவிட்டு விலகிக் கிடப்பதாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவர்களுக்குச் சாலை கடல்தானே! காரைக்கால், புதுச்சேரி, ஏனாம், அந்தப் பக்கம் மலபார் கரையில் மாஹே என எல்லாம் கப்பல்காரன் கண்ணுக்கு ஒரே தெருவின் கடைகள். கப்பல் நின்று, காரியமெல்லாம் தரைவழியே நடக்கத் தொடங்கிய பிறகுதான் நாம் துண்டாகிப் போனோம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. நமக்கு எட்டு வயது. கைநிறைய மிட்டாய் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? கொடி மாறியது, கோடு மாறவில்லை. வங்கத்தில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த சந்திரநாகூர் மேற்கு வங்கத்தோடு சேர்ந்துகொண்டது. நாமும் மாஹேயும் ஏனாமும் புதுச்சேரியோடு நின்றோம்.

எங்கள் புளோக்கில் எதிர்வீட்டு மலாய் மாது ஒருவர் இருக்கிறார். நம் வயதுதான். கிறிஸ்துமஸ் தீவில் பிறந்தவர். ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கும் அந்தத் தீவு அப்போது சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்டது. பாஸ்பேட் வெட்ட ஆட்களைக் கொண்டுபோனார்கள். 1958-இல் பிரிட்டன் அதை ஆஸ்திரேலியாவிடம் கொடுத்தது. பாஸ்பேட் வருமானம் போனதற்கு ஈடாகச் சிங்கப்பூருக்குக் கிடைத்தது 29 லட்சம் பவுண்டு. பெர்த் நகரிலிருந்து அந்தத் தீவு 2,600 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து அதில் பாதிதான். இவர் பெற்றோருடன் இங்கே வந்துவிட்டார், அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். அண்ணன் ஆஸ்திரேலியராக இறந்தார், தங்கை சிங்கப்பூரராக இருக்கிறார். அதை அவர் சொன்னபோது எனக்கு உன் வீட்டுப் பந்திதான் கண்முன் வந்தது. 1962-இல் ஆட்சி மாற்றம் சட்டப்படி உறுதியாகி, எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டபோது, உன் பெரியப்பா பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்டார், உன் அப்பா இந்தியரானார். அடுத்தடுத்த இலையில் இரண்டு நாட்டார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியம்மா ரசம் ஊற்றிக்கொண்டே போனார்.

நானும் கடல் போட்ட சாலையில் வந்தவன்தான். 1963-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது, பினாங்கும் சிங்கப்பூரும் எனக்கு அடுத்தடுத்த நிறுத்தங்கள். இன்று அவை இரண்டு நாடுகளில் இருக்கின்றன.

காரைக்காலைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று உன் மகன் சொல்வதாக எழுதியிருந்தாய். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்து, அதற்கென்று ஒரு முகம் வந்துவிட்டது நம் ஊருக்கு. ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் காரைக்காலுக்கே அனுப்பலாமே! ஒரு மேசையும் ஒரு முத்திரையும் போதும். இதை ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து மனுவாக எழுதிக் கொடு; சும்மா விட்டுவிடாதே. வாசகம் நான் எழுதி அனுப்புகிறேன்.

தை பிறந்ததும் வருகிறேன். மூன்றாவது முறை போக வேண்டியிருந்தால் எனக்காகக் காத்திரு, சேர்ந்து போவோம். தரங்கம்பாடியில் இறங்கிக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.

அன்புடன்,
சேகரன்