நாகலிங்கப் பூவைக் காத்துத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

இலங்கையின் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் மரஞ்செடிகளை நீர்வண்ணத்தில் தீட்டிய படங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டன. கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, காலையில் மரத்தடியைக் கூட்டுமுன் புதிதாய் உதிர்ந்த நாகலிங்கப் பூக்களை எடுத்துவைத்த பூங்கா ஊழியர்களுக்கு. மரத்திலிருந்து பறிக்கக்கூடாது, ஈர மண்ணில் கிடந்தாலோ இதழோரம் பழுப்பேறிவிடும். டப்பாவில் ஈரத்துணி, அதன்மேல் உலர்ந்த தாள், அதன்மேல் முகம் மேலே பார்க்கப் பூ. இப்படி வந்ததால்தான் இதழின் உட்புறச் சிவப்பு அப்படியே கிடைத்தது. நிற மாதிரியை முதலில் தீற்றிவிட வேண்டும். கோடு காத்திருக்கும், நிறம் காத்திராது.

பூவை நெடுக்காக வெட்டிக் காட்டிய தாவரவியல் ஆசிரியைக்குப் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். இதழ்கள் ஆறு. சூலகத்தைச் சுற்றிக் மகரந்தம் தாங்கும் குட்டைக் கேசரங்களின் வளையம். அதன் ஒரு பக்கத்திலிருந்து பட்டையொன்று நாக்குப்போல் நீண்டு வளைந்து மேலே கவிகிறது. நாம் பாம்புப் படம் என்பது இதைத்தான். வளையத்து மகரந்தமே விதைக்கு உதவும். பாம்புப் படத்திலுள்ள மகரந்தம் வண்டுகளுக்கு உணவு. வண்டு நுழையும் அந்த இடைவெளியின் நிழலை விட்டுவிட்டால் பூ தட்டையாகிவிடும். கவராயத்தால் அளந்து, உண்மையான அளவில் வரைந்தபோதுதான் அது பிடிபட்டது.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள வழுவழுப்பான பருத்தித்தாளைச் சிலிக்கா ஜெல்லோடு பொதிந்து தந்த கடைக்காரருக்கும் நன்றி. ஈரமேறிய தாளில் பசைப்பூச்சு கெட்டு, வண்ணம் திட்டுத்திட்டாய் ஊறும்; அழித்தாலும் போகாது. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வண்ணம் வெளிச்சத்தில் மங்கும் என்று தடுத்து, குவினாக்ரிடோன் சிவப்பை எடுக்கச் சொன்னவரும் அவரே. சட்டம் போட்டவர் அமிலமில்லாத அட்டை வைத்து, கண்ணாடியில் படம் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கிறார். மகாவலி ஆறு சூழ்ந்த இந்த ஈரக்காற்றில் ஒட்டினால் பூஞ்சணம் நிச்சயம்.

இதே தோட்டத்தில் 38 ஆண்டுகள் செடிகளை வரைந்த ஹார்மனிஸ் த அல்விஸையும், அவர் வழியில் தூரிகை பிடித்த மகன்களையும் வணங்குகிறோம்.

நாகலிங்கக் காய் முற்ற ஏறத்தாழ ஓராண்டு, சிலவேளை அதற்கு மேலும் ஆகும். அதற்கென்று ஒரு தாள் வெறுமையாய் இருக்கிறது. பழம் விழுந்ததும் சொல்லியனுப்புங்கள்.

நன்றியுடன்,
ஓவியக் குழுவினர்