கொய்மலர் விவசாயிகள் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், காம்போடு வெட்டி விற்கும் ரோஜாவின் காலை அறுவடையை முடித்த கையோடு ஓசூர் வட்டாரத்தின் தளி, கெலமங்கலம், பாகலூர், பேரிகைப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு என் அறிக்கை நீளம் என்று குறை வந்தது. ஆகவே இம்முறை வரவு செலவு முழுவதையும் பொருளாளரிடம் விட்டுவிட்டேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலையும் அவரே வாசிப்பார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். விலை நன்றாகத்தான் இருந்தது, விற்கப் பூதான் சரியில்லை. வெயிலில் பசுமைக்குடில் கொதித்ததால் மொக்கு சிறுத்தது, காம்பு குட்டையானது. 60 சென்டிமீட்டர் காம்பு கொடுத்த செடியில் 40 வந்தால், அதே 20 பூக் கட்டுக்குக் கிடைக்கும் பணம் என்ன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். போதாததற்குக் கோடை மழைக்கு முன் அடித்த காற்றில் ஓர் உறுப்பினரின் பசுமைக்குடில் கூரை ஒரு பக்கம் முழுவதும் கிழிந்து தொங்கியது. 200 மைக்ரான் பிளாஸ்டிக் தாள்தான், ஆனால் மூன்று ஆண்டு வெயில் தின்ற தாள். அன்று மாலை கூப்பிடாமலே பதினைந்து பேர் ஏணியோடு வந்து, இருட்டுவதற்குள் இழுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தக் கூரையைக் காட்டலாம்.

அடுத்து ஆடி. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆடி ஒரு மாதம். நமக்கு அப்படியில்லை. பெங்களூருக்கும் சென்னைக்கும் பூ அனுப்புகிற நமக்கு முதலில் கன்னடக்காரர்களின் ஆஷாட மாதம் வருகிறது. அது முடிவதற்குள் தமிழ் ஆடி பிறந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 50 நாள் கல்யாண மேடை கிடையாது. பெங்களூர் ஹெப்பாள் மலர் ஏல மையத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கும், யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்குப் பூ. அந்த நாட்களில் பொத்தானை அழுத்த யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. பறித்துப் பெட்டி கட்டி, பஸ் வாடகையும் கொடுத்து நட்டப்படுவதைவிட, மொக்கைக் கிள்ளிவிட்டு மெலிந்த கிளைகளைப் பாத்திப் பக்கம் வளைத்துவிடுவது மேல் என்று செயற்குழு சொன்னது. வளைத்த கிளையின் இலை செடிக்குச் சோறு சமைக்கும். அடியிலிருந்து தடித்த புதுத் தளிர் கிளம்பும். அப்படிச் செய்தவர்கள் ஆவணி முகூர்த்தத்தில் நல்ல காம்பு வெட்டினார்கள். பறித்துக்கொண்டே இருந்தவர்கள் ஆவணியிலும் 40 சென்டிமீட்டரில்தான் நின்றார்கள்.

ஐப்பசி அடைமழையில் அடிச்சாம்பல் நோய் வந்தது. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். குடிலுக்குள் ஈரம் தேங்கி, குளிரும் சேர்ந்தால் இந்த நோய் இரண்டே நாளில் இலையில் ஊதாப் புள்ளி போட்டு, செடியை மொட்டையாக்கிவிடும். முதலில் வந்தது ஒருவர் தோட்டத்தில். அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் உரம் கூடிப்போய் இலை கொட்டுகிறது என்றார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை; முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். பக்கத்துத் தோட்டங்களிலும் இலை உதிர்ந்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. நோய் வந்தால் அவமானம் ஒன்றுமில்லை. ஒரே நாளில் எல்லோரும் பக்கத்திரையைச் சுருட்டிக் காற்றை விட்டு, விழுந்த இலையைப் பொறுக்கி எரித்து, மருந்தும் அடித்திருந்தால் பாதியோடு நின்றிருக்கும். அரசின் தளி கொய்மலர் மகத்துவ மையத்துக்கு இருமுறை போய் வந்தோமே, அங்கே பார்த்ததில் நமக்கு உடனே பயன்படுவது அவர்களுடைய குடில் அமைப்பு அல்ல. தினமும் ஈரப்பதத்தை எழுதி வைக்கும் அந்தச் சின்ன நோட்டுதான்.

இனி கவாத்து, அதாவது புதுத் தளிர் வரச் செடியைக் கத்தரித்துவிடும் விவகாரம். கார்த்திகைக் கூட்டத்தில் நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும்.

கவாத்து செய்த செடி பூ வெட்டுக்கு வர ஏறத்தாழ 45 நாள். பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரம் சந்தைக்குப் பூ வேண்டுமானால் டிசம்பர் கடைசி வாரத்தில் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். இந்தக் கணக்கை அமுதகொண்டபள்ளியின் பெரிய பண்ணைகளும் போடுகின்றன, நாமும் போடுகிறோம். எல்லோரும் ஒரே வாரத்தில் வெட்டுகிறோம், ஒரே வாரத்தில் தாஜ்மகால் என்ற சிவப்பு ரோஜா வகையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். பெரிய பண்ணைக்கு வெளிநாட்டு ஆர்டரும் சொந்தக் குளிர் அறையும் இருக்கின்றன. ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் நமக்கு இருப்பது சங்கத்தின் ஒற்றைக் குளிர் அறை. குடிலை நான்கு பங்காக்கி, டிசம்பர் நடுவிலிருந்து வாரம் ஒரு பங்காகக் கவாத்து செய்தால், தை கடைசியிலும் மாசி முகூர்த்தங்களிலும் தொடர்ந்து பூ இருக்கும் என்று செயற்குழு முன்மொழிந்தது. காதலர்கள் ஒரு நாளில் ஓய்ந்துவிடுவார்கள், பஞ்சாங்கம் ஓயாது என்று தலைவர் சொன்னதும், லாட்டரி டிக்கெட்டைக் கிழித்துப்போடச் சொல்கிறீர்களா என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்ததும் குறிப்பேட்டில் இருக்கின்றன.

பங்கு பிரித்துக் கவாத்து செய்தவர்கள் ஒன்பது பேர். நான் அவர்களில் இல்லை என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். தீர்மானத்தை எழுதியவன் நான்; வீட்டுக்குப் போனதும் ஆசை விடவில்லை. முழுக் குடிலையும் டிசம்பர் 30-இல் வெட்டினேன். மார்கழிப் பனி இந்த முறை நீண்டது. குளிரில் மொக்கு நகரவே மறுத்தது. தினமும் விடியலில் டார்ச் விளக்கோடு போய் மொக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பார்த்தால் விரிந்துவிடும் என்பது போல. என் பூ பிப்ரவரி 17 அன்று அழகாக வந்தது. அந்த வாரம் சந்தையில் சிவப்பு ரோஜாவைப் பார்த்தால் வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதே வாரம் அந்த ஒன்பது பேரில் வெள்ளையும் மஞ்சளும் வைத்திருந்தவர்கள் மேடை அலங்காரக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுத்தார்கள். எனக்கும் அவர்களில் ஒருவர்தான் பெட்டி இரவல் கொடுத்தார்.

குளிர் அறை பற்றி ஒரு செய்தி. தரம் பிரித்துக் கட்டு போடும் பெண்கள் இந்த ஆண்டு முதன்முறையாகச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வெயில், உள்ளே 2 முதல் 4 டிகிரி. ஒரு நாளைக்கு இருபது தடவை போய் வந்தால் உடம்பு என்னாகும் என்று கேட்டிருந்தார்கள். நாம் பூ அடிபடாமல் காகிதம் சுற்றுகிறோம், அவர்களுக்கு ஒன்றும் சுற்றவில்லை. ஸ்வெட்டரும், முள் ஏறாத கையுறையும் வாங்கச் செயற்குழு முடிவு செய்தது. ஸ்வெட்டர் வந்துவிட்டது. கையுறை அளவு பெரிதாக வந்ததால் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

பிளாஸ்டிக் பூவைத் தடை செய்யக் கோரி மனு கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு கோப்பில் உள்ளது. நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கல்யாண மேடையிலேயே பாதிக்குப் பாதி பிளாஸ்டிக் ரோஜா இருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். அலங்காரக்காரர் வைத்தது, எனக்குத் தெரியாது என்றார். அடுத்த மனுவில் கையெழுத்துப் போடும் முன் அவரவர் வீட்டு மேடையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கூட்ட அறிவிப்பைத் தமிழில் அச்சிட்டு, போனில் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லும் வழக்கம் தொடரும்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். வரும் பருவத்துக்கான கவாத்துத் தேதிப் பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் வரியில் என் பெயரை எழுதி, நான்கு தேதிகள் குறித்திருக்கிறேன். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் முன் மற்றவர்களும் எழுதிவிடவும். பேனாவை மட்டும் அங்கேயே வைத்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்