48 வீட்டுக்கும் ஒரே மாதிரி ஸ்டிக் வேண்டாம்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும் மூன்று பிளாக் அன்பர்களுக்கும் வணக்கம்.

டிவியின் பின்னால் சொருகி இன்டர்நெட் வழியாகப் படம், சீரியல் பார்க்க உதவும் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் தள்ளுபடியில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது, 48 வீட்டுக்கும் மொத்தமாக வாங்கிவிட்டு மாதக் கடைசியில் கேபிளை நிறுத்திவிடலாம் என்று லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்வதற்குள் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தப் பொருளுக்கு எதிரி இல்லை. என் வீட்டு ஹாலில் இருப்பது 2014-இல் வாங்கிய எல்.இ.டி. டிவி. படம் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் யூடியூப் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. மூன்று வருடம் முன்பு இதுபோல ஒரு ஸ்டிக்கைப் பின்னால் சொருகினேன். புது டிவி வாங்கும் செலவு மிச்சமாயிற்று. (ஆரம்பத்தில் படம் பாதியில் தானாக அணைந்து அணைந்து வரும். தப்பு என்னுடையதுதான். டிவியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே கரண்ட் கொடுத்திருந்தேன், அது போதவில்லை. கூட வந்த அடாப்டரைச் சுவரில் மாட்டியதும் சரியாகிவிட்டது.) ஸ்மார்ட் டிவி இருந்தும் அதில் செயலிகள் ஓடாமல் போனவர்களுக்கும் இது நல்ல வழி. 2019 டிசம்பரிலேயே சில பழைய சாம்சங் ஸ்மார்ட் டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. திரைக்கு ஒரு குறையும் இல்லை, உள்ளே இருந்த மென்பொருளுக்குத்தான் வயதாகிவிட்டது.

ஸ்டிக்குக்கும் அதே மாதிரி வயதாகும். எச்.டி. மாடலில் இருப்பது 1 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பிடம். அதிலும் கொஞ்சத்தை அதன் சொந்த மென்பொருளே பிடித்துக்கொள்ளும், மிச்சத்தில்தான் செயலிகள் ஓட வேண்டும். 2025 மார்ச்சில் இதே வகைக் கருவியான கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் திடீரென்று வேலை செய்யாமல் போயின. உள்ளே இருந்த பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதுதான் காரணம். சில நாளில் சரிசெய்தார்கள் என்றாலும், இந்த வகைப் பொருள்களை நாலைந்து வருடத்துக்கு என்று நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

மொத்தமாக வாங்குவதில் இன்னொரு சிக்கல். செயலாளரின் அமேசான் கணக்கில் ஆர்டர் போட்டால், ஸ்டிக் அந்தக் கணக்கோடு இணைந்தே வந்து சேரக்கூடும். அப்புறம் 48 டிவியிலும் அவர் பெயர் வந்து நிற்கும். அவர் நல்ல மனிதர், இந்தத் தண்டனை அவருக்கு வேண்டாம். விலை இன்னும் குறைவாக இருக்கிறதே என்று பழைய லைட் மாடல் பக்கம் போனால், அதன் ரிமோட்டில் டிவியின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் கிடையாது.

கேபிளை நிறுத்துவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஸ்டிக்கின் விலை வாசற்படி வரைக்கும்தான். உள்ளே போனால் சன் டிவி சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோ ஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று தனித்தனிக் கட்டணம். கட்டினாலும் விளம்பரம் விடாது. 2025 ஜூனிலிருந்து இந்தியாவில் பிரைம் வீடியோவிலும் விளம்பரம் வருகிறது, வேண்டாம் என்றால் மேலே காசு. இன்டர்நெட்டையும் பாருங்கள். எச்.டி.யில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. பிராட்பேண்ட் இல்லாமல் செல்போன் டேட்டாவை வைத்தே ஓட்டும் வீடுகள் நம்மிடம் இருக்கின்றன. ஒரு நாளைய 2 ஜிபி அந்தக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் காலி.

ஏ பிளாக் தரைத்தளத்துப் பாட்டியின் டிவி இன்னும் பழைய டப்பா டிவிதான். அதில் எச்.டி.எம்.ஐ. துளையே இல்லை, ஸ்டிக்கை எங்கே சொருகுவது? புது டிவியே வாங்கிக் கொடுத்தாலும், எண்ணை அழுத்தியதும் சேனல் வந்து பழகியவருக்கு எண்களே இல்லாத ரிமோட்டைக் கொடுத்துவிட்டு யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது? கிரிக்கெட் பார்ப்பவர்களும் யோசிக்க வேண்டும். இன்டர்நெட் வழி நேரலை கேபிளைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். மேல் வீட்டில் "அவுட்!" என்று கத்தி முடித்த பிறகுதான் நம் வீட்டில் பந்துவீச்சாளர் ஓடியே வருவார்.

அதனால் கூட்டத்தில் ஒரு காகிதத்தைச் சுற்றுக்கு விடுங்கள். டிவியில் எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா, வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறதா, இப்போதுள்ள டிவியில் எது ஓடவில்லை, இந்த மூன்றை மட்டும் அவரவர் எழுதட்டும். தேவைப்படுகிறவர்கள் தங்கள் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளட்டும். மாட்டித்தர ஆள் வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்கு மேல் நான் வருகிறேன். கேபிளை நிறுத்தும் தீர்மானத்தை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கேபிள்காரரிடம் இன்னும் யாரும் பேசியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
சி பிளாக், முதல் மாடிக்காரன்